மறுவீட்டு ஆட்டம்

உட்காருங்க தம்பி, தாராளமா உட்காருங்க. அந்த மஞ்சப் பையை மட்டும் மிதிச்சிராதீக. அதுல ஒரு வீடு இருக்கு. ஆமா, வீடுதான், எங்க வீடு. பொறவு எடுத்துக் காட்டுதேன்.

தூத்துக்குடியா? நல்லதாப் போச்சு, நானும் அங்கதான். சங்கரன்கோயில்ல ஏறினதுல இருந்து பேச்சுத்துணைக்கு ஒரு ஆள் வருமான்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன். கண்டக்டர் கிட்ட சொல்ல ஆரம்பிச்சேன், அவரு டிக்கெட் போடணும்னு முன்னால போனவரு இன்னும் திரும்பி வரல. தூத்துக்குடியில என் கடைசி சகலை இருக்காரு. தளவாய்னு பேரு. லாரியை ஏத்தி நிறுத்தி எடை போடுவாகல்லா, அந்த எடைமேடையில வேலை. நான் அவரைப் பாக்கப் போறேன்னு நினைச்சிராதீக. என் காயை எடுத்துக்கிட்டு வரப் போறேன். ஒரு வருஷமா என் காய் அவரு வீட்டுல கெடக்கு.

சமைக்கிற காய் இல்ல தம்பி. ஆட்டத்துக் காய். நான் கண்டுபிடிச்ச ஆட்டம். எத்தனை பேர் வேணாலும் ஆடலாம். ரெண்டு பேர் ஆடலாம், இருபது பேர் ஆடலாம், வழியில போறவன் நடுவுல வந்து உட்கார்ந்தாலும் ஆடலாம். அப்படி ஒரு ஆட்டம் நம்ம பக்கத்துல எவனாவது செஞ்சிருக்கானா சொல்லுங்க பாப்போம். அதைத்தான் அந்த மனுஷன் கெடுத்துட்டாரு.

முதல்ல இருந்து சொல்லணும். எனக்குப் பொண்ணு கொடுத்த வீட்டுல அஞ்சும் பொம்பளைப் பிள்ளைங்க. மூத்தவ ஆவுடை, என் வீட்டுக்காரி. அப்பம் நான்தான் மூத்த மாப்பிள்ளை. கடைக்குட்டி உலகு, அவளைக் கட்டினவருதான் இந்தத் தளவாய். நடுவுல மூணு சகலை இருக்காக. அவுகளைப் பத்திச் சொல்ல ஒண்ணுமில்ல, நல்ல மனுஷங்க, தோத்தா தோத்துப்போயிட்டோம்னு எந்திரிச்சிருவாக.

வருஷா வருஷம் ஆடித்தவசுத் திருவிழாவுக்கு அஞ்சு குடும்பமும் சங்கரன்கோயில்ல மாமனார் வீட்டுக்கு வந்திரும். அங்க மாப்பிள்ளைக்கு ஒரு வேலையும் கிடையாது பாருங்க. எந்திரிச்சுப் போய் ஒரு செம்பு தண்ணி மொண்டு குடிச்சாக்கூட அத்தை பதறிப்போவாக. காத்தாடிக்குக் கீழே உட்கார்ந்தே இருக்கணும். அதுதான் மரியாதை. அது எவ்வளவு செரமம்னு மாப்பிள்ளையா இருந்து பாத்தாத்தான் தெரியும். தம்பிக்குக் கல்யாணம் ஆயிட்டா? ஆகலையா. அப்பம் இனிமே தெரியும்.

அதனால நாங்க நாலு பேரும் தாயம் உருட்டுவோம். ரொம்ப வருஷமா உருட்டுதோம். எப்பவும் நான்தான் ஜெயிப்பேன். அது என்னமோ எனக்கு ராசி. உலகுக்குக் கல்யாணம் ஆன வருஷம் பாருங்க, அஞ்சு மாப்பிள்ளை ஆயிட்டு, பலகையில நாலு பக்கம்தான் இருக்கு. தளவாய் சும்மா பக்கத்துல உட்கார்ந்து வேடிக்கை பாத்தாரு.

வேடிக்கை பாத்தா வாயை மூடிக்கிட்டுப் பாக்கணுமா இல்லையா? அவரு எடைமேடைக்காரரு. "அண்ணாச்சி, விழுந்தது அஞ்சு, நீங்க ஆறு கட்டம் வச்சிட்டீக" அப்படிங்காரு. கொஞ்ச நேரம் கழிச்சு, "அண்ணாச்சி, அந்தக் காய் போன சுத்துலயே வெட்டுப்பட்டுட்டே." ரொம்பப் பணிவாத்தான் சொன்னாரு, அதைக் குத்தம் சொல்ல மாட்டேன். அன்னைக்கு நான் தோத்தேன். அத்தனை வருஷத்துல முதல் தடவையா தோத்தேன். மூணு சகலையும் என்னையப் பாக்காம சுவத்துல தொங்குற காலண்டரையே பாத்துக்கிட்டு இருந்தாக.

எனக்கு அன்னைக்குச் சோறு இறங்கல. தோத்ததுக்காக இல்ல தம்பி. பாவம், கடைசி மாப்பிள்ளை விளையாட இடமில்லாம உட்கார்ந்திருக்காரேன்னுதான். ஒரு மனுஷன் ஆட்டத்துக்குள்ள இருந்தா அவன் காயைப் பாப்பான், அடுத்தவன் காயைப் பாக்க மாட்டான். எல்லாருக்கும் நல்லதுல்லா?

இன்னொண்ணும் சொல்லணும். அவருக்கு என் மேல தொடக்கத்துல இருந்தே ஒரு இது. காரணமே கிடையாது. கல்யாணம் முடிஞ்சு பொண்ணு மாப்பிள்ளையைச் சொந்தக்காரங்க வீட்டுக்கு ஒவ்வொண்ணா விருந்துக்குக் கூப்பிடுவாகல்லா, அப்படி எங்க வீட்டுக்கும் வந்தாக. நமக்குச் சங்கரன்கோயில்லயே ப்ளைவுட் கடை. கீழே கடை, மாடியில வீடு. நான் ஒரு பலகை அடிச்சுக்கிட்டு இருந்தேன், வாயில நாலு ஆணி. "அண்ணாச்சி"ன்னு வந்து வாசல்ல நின்னாரு. நான் தலையை ஆட்டினேன், மாடிக்குப் போங்கன்னு கண்ணைக் காட்டினேன். வாயில ஆணியை வச்சிக்கிட்டு மனுஷன் வேற என்ன செய்ய முடியும்? மேலே போய் ஆவுடை கையால நல்லாச் சாப்பிட்டுத்தான் போனாக. ஆனா அதுல இருந்து அவரு என்னையப் பாத்தா ஒரு அளவாத்தான் சிரிப்பாரு.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். நமக்குக் கடையில துண்டுப் பலகைக்குப் பஞ்சமில்ல. முதல்ல அஞ்சு மூலை வச்சு ஒரு பலகை அறுத்தேன். அறுத்து முடிச்சு வார்னிஷ் அடிக்கும்போது மாமனார் வந்து பாத்துட்டு, "நானும் ஆடுவேன் மாப்பிள்ளை"ங்காக. அதைத் தூக்கிப் போட்டுட்டு வட்டமா ஒண்ணு அறுத்து ஆறு பங்காக் கோடு போட்டேன். அப்பம் அத்தைக்கு ஏழாவது பங்கு யாரு கொடுப்பா? அழிச்சு ஏழாப் போட்டா, நடுச்சகலை தன் பையனைக் கூட்டிட்டு வாரேங்காரு. கடையில யாவாரம் ஓடல. கதவுக்கு அளவு சொல்ல வந்த ஒருத்தரு கிட்ட, "எத்தனை பேர் ஆடுவீக"ன்னு கேட்டுட்டேன்.

ஆவுடை தோசை சுட்டுக்கிட்டே சொன்னா: "ஒரே தோசையை எதுக்கு இத்தனை பேருக்குப் பிய்க்கீக? ஆளுக்கு ஒரு தோசையா வைங்களேன்."

நானும் அதைத்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். அவ சொல்லுததுக்குக் கொஞ்சம் முன்னாலதான் நினைச்சேன்.

ஆளுக்கு ஒரு பலகை. வாரவன் தன் பலகையோட வரட்டும், ஒட்டிக்கிட்டு ஆடட்டும். ஆறு பட்டையா அறுத்தேன் தம்பி. வட்டத்தை ஒட்டினா நடுவுல சந்து விழும். ஆறு பட்டைன்னா எந்தப் பக்கம் வச்சாலும் கச்சிதமா உட்காரும், போய்க்கிட்டே இருக்கலாம். பக்கத்துக்கு ஒரு கொக்கி. நடுவுல ஒரு வீடு, வீட்டுல இருந்து ஆறு பக்கமும் கட்டம் போட்ட பாதை. இன்னா, பையில இருக்கது அதுதான். பிடிச்சுப் பாருங்க. ஓரத்தைத் தடவுங்க, எங்கயாவது சிலாம்பு குத்துதா?

ஆட்டத்துக்கு மறுவீடுன்னு பேரு வச்சேன். நம்ம காய் நம்ம வீட்டுல இருந்து கிளம்பி, அத்தனை பேர் வீட்டுக்கும் விருந்துக்குப் போயிட்டுத் திரும்ப வீடு வந்து சேரணும். முதல்ல வந்தவன் ஜெயிச்சான். ஒரு வீட்டுக்குள்ள போனா, அடுத்த முறை வாரவரைக்கும் அங்கயே தங்கிச் சாப்பிடணும், உடனே கிளம்பக் கூடாது. பலகை யாருதோ அது அவனுக்குத்தான் சொந்தம், அவன் இடத்துல வேற பலகை வைக்கக் கூடாது. கடைசியா ஒரு சட்டம். ஒரு காய் வீட்டுக்குள்ள வந்தா, வீட்டுக்காரன் "வாங்க"ன்னு கூப்பிடணும். கூப்பிடலைன்னா அவன் காய் எங்க இருந்தாலும் எடுத்துத் திரும்ப முதல்ல இருந்து வைக்கணும். நம்ம ஊர் மரியாதையைச் சொல்லிக் கொடுத்த மாதிரியும் ஆச்சு பாருங்க. இந்தச் சட்டத்தைச் சொன்ன உடனே தளவாய் என்னைய ஒரு பார்வை பாத்தாரு. நல்ல சட்டம்னு நினைச்சிருப்பாரு.

போன தவசு அன்னைக்கு முதல் ஆட்டம். அஞ்சு மாப்பிள்ளையும் மாமாவும் ஆரம்பிச்சோம். தளவாய் பலகை நடுவுல, மத்தது அதுக்கு ரெண்டு பக்கமும் வரிசையா. கொஞ்ச நேரத்துல அக்கா தங்கச்சி அஞ்சு பேரும் எங்களுக்கும் பலகைன்னு வந்துட்டாக. பிள்ளைக வந்துச்சு. பால் ஊத்த வந்தவரு ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்துட்டாரு. கோயிலுக்கு எந்தப் பக்கம் போகணும்னு கேட்டு ஒரு வெளியூர்க்காரரு வந்தாரு, அவருக்கும் ஒண்ணு. எத்தனை பேர் வேணாலும் ஆடலாம்னு சொல்லிட்டு யாரை வேண்டாங்க முடியும்? பலகை பட்டாசாலைக் கூடத்தை நிறைச்சு, பீரோவைச் சுத்தி வளைஞ்சு, வாசப்படி இறங்கி அடுக்களைக்குள்ள போயிட்டு. அத்தை பலகை அடுப்புப் பக்கத்துல.

என் முறை ஒரு தடவை வந்துட்டுன்னா, திரும்ப வாரதுக்குள்ள கடைக்குப் போய் ரெண்டு ஷீட் வித்துட்டு வந்திரலாம். மாமா உருட்டிட்டுத் தூங்குவாக, எழுப்பினா உருட்டுவாக. அந்த வெளியூர்க்காரரு போய் தவசுக் காட்சி பாத்து, சாமி கும்பிட்டு, திருநீறு பூசிட்டு வந்து உட்கார்ந்தாரு. அப்பமும் அவரு முறை வரல. ஆனா ஒருத்தர் எந்திரிக்கல தம்பி. அந்த வீட்டுல அவ்வளவு சிரிப்பை நான் கேட்டதே இல்ல. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துட்டு.

இதுல அத்தை ஒரு காரியம் செஞ்சாக. தன் பலகைக்கு எந்தக் காய் வந்தாலும், "வாங்க மாப்பிள்ளை, விருந்து சாப்பிடுங்க"ன்னு நெசமாவே ஒரு உளுந்த வடையைச் சட்டியில இருந்து எடுத்துக் கொடுத்துட்டாக. சட்டத்துல அது கிடையாது. ஆனா கேட்ட உடனே எல்லாக் காயும் அடுக்களையைப் பாத்து ஓட ஆரம்பிச்சுட்டு.

தளவாய் காய் போச்சு. வடையை வாங்கினாரு, முழுசா வாயில போட்டாரு. அதே நேரத்துல எனக்கு விழுந்துச்சு பன்னெண்டு. என் காய் நேரா அவரு பலகையில போய் அவரு வீட்டுல உட்கார்ந்துச்சு. என் காய் பித்தளைக் குமிழ், மேசை டிராயருக்கு வைக்கிறது, தங்கம் மாதிரி மினுங்கும். அவரு வாசல்ல போய் நிக்குது. நான் அவரு மூஞ்சியைப் பாக்கேன். எல்லாரும் பாக்காக. அவரு தலையை ஆட்டினாரு. நல்லா, பெருசாத்தான் ஆட்டினாரு. கையை நீட்டி உள்ளே வாங்கங்கிற மாதிரியும் காட்டினாரு. ஆனா வாயைத் திறந்து சொல்லலையே.

நான், "வாங்கன்னு சொல்லல, உங்க காயை எடுத்து முதல்ல இருந்து வைங்க"ன்னேன்.

வடையை முழுங்கிட்டு, "தலையை ஆட்டினேனே அண்ணாச்சி"ங்காரு.

"தலையை ஆட்டினா ஆட்டினதுதான். கூப்பிட்டதாகாது. நான் போட்ட சட்டம், எனக்குத் தெரியாதா?"

அப்பம் அவன் மூஞ்சி மாறிட்டு. அவரு மூஞ்சி. எந்திரிச்சு நின்னு என்ன கேட்டாரு தெரியுமா? "வாயில வடை இருந்தா ஆகாது. ஆணி இருந்தா மட்டும் ஆகுமா அண்ணாச்சி?"

ஆவுடை தலையைக் குனிஞ்சுக்கிட்டா. நான் யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன் தம்பி, இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல. வடைக்கு நடுவுல ஆணி எங்க இருந்து வந்துச்சு? ஆவுடை கிட்டக் கேட்டா, "உங்களுக்குப் புரியவே வேண்டாம்"னுட்டுப் போயிருதா.

அப்புறம் அவரு குனிஞ்சு ரெண்டு பக்கத்துக் கொக்கியையும் கழட்டினாரு. அவரு பலகைதானே, அவருக்குச் சொந்தம், சட்டம் அப்படித்தானே இருக்கு. என் காயோட அப்படியே தூக்கிக்கிட்டு, "உலகு, கிளம்பு"ன்னாரு. தூத்துக்குடி பஸ்ஸைப் பிடிச்சுப் போயிட்டாக.

நடுப்பலகை போனா என்ன ஆகும்? ஆட்டம் ரெண்டு துண்டா நிக்குது. மாமா காய் அடுக்களைப் பக்கம் மாட்டிக்கிட்டு, வீட்டுக்கு வர வழியில்ல. நான் வேற பலகை ஒண்ணு கொண்டு வந்து வச்சேன். நடுச்சகலை, "அவரு இடத்துல வேற பலகை வைக்கக் கூடாதுன்னு நீங்கதானே அண்ணாச்சி சொன்னீக"ங்காரு. மாமா அதையே பிடிச்சுக்கிட்டாக. "கடைசி மாப்பிள்ளை வந்து ஆட்டம் முடியுற வரைக்கும் ஒரு பலகையை ஒருத்தரும் தொடக் கூடாது"ன்னுட்டாக.

தொடல தம்பி, இன்னைக்குத்தான் என் காய் வந்து சேர என் பலகையை மட்டும் கழட்டிப் பையில போட்டுக்கிட்டு வந்திருக்கேன். ஒரு வருஷமா அந்த வீட்டுல எல்லாரும் பலகையைத் தாண்டித் தாண்டித்தான் நடக்காக. சோத்துப் பானையைத் தூக்கிக்கிட்டு அத்தை காலை அகட்டி அகட்டி வாரதைப் பாக்க எனக்கே ஒரு மாதிரி இருக்கு. கரண்ட் பில் எடுக்க வந்த ஆளு தெரியாம கொக்கியில கால் மாட்டி விழுந்துட்டான். நாளை மறுநாள் தவசு. உலகு வரலைன்னுட்டா. அவ வரலைன்னா அடுப்பே பத்த வைக்க மாட்டேன்னு அத்தை சொல்லிட்டாக. தீபாவளிக்கு வரல, பொங்கலுக்கு வரல, மூணு மாசத்துக்கு முன்னால அவளுக்குப் பிள்ளை பிறந்திருக்கு, தாத்தா இன்னும் தூக்கிப் பாக்கல. மாமா என்னையக் குறை சொல்லல. நான் வீட்டுக்குள்ள போனா "வாங்க"ங்காக, பொறவு வாசலையே பாத்துக்கிட்டு இருக்காக. அது எனக்கு வலிக்குது தம்பி, மறைக்க என்ன இருக்கு?

அதனாலதான் கிளம்பிட்டேன். காயை எடுக்கத்தான். சமாதானம் பேச இல்ல. நான் வாரது அங்க யாருக்கும் தெரியாது, ஆவுடை கிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கேன். அவ போன்ல யார் கிட்டயோ ரொம்ப நேரம் குசுகுசுன்னு பேசிக்கிட்டு இருந்தா, நான் கண்டுக்கல.

கோவில்பட்டி வந்துட்டா? ஏய், கடலைமிட்டாய், இங்க வா. ரெண்டு பாக்கெட் கொடு. மூணா கொடு. வெறுங்கையோட ஒரு வீட்டுக்குப் போகக் கூடாதுல்லா, காய் எடுக்கப் போனாலும். அந்தக் கிலுகிலுப்பையா? அது பைக்குள்ள எப்படியோ வந்துட்டு. ஆவுடை வச்சிருப்பா. நேத்து கடைவீதியில நான்தான் வாங்கினேன், ஆனா பையில வச்சது அவ.

ஒண்ணு கேளுங்க. என் காய் அங்க எப்படி இருக்குன்னு உலகு ஆவுடை கிட்டச் சொல்லியிருக்கா. பலகையை டி.வி.க்குப் பக்கத்துல உசரமா ஒரு இடத்துல வச்சிருக்காராம். தினமும் தூசி தட்டுவாராம், காயை மட்டும் அசைக்காம அதைச் சுத்தித் துணியால துடைப்பாராம். எதுக்குன்னு நினைக்கீக? நான் போய், காய் இந்தக் கட்டத்துல இல்லையேன்னு ஒரு வார்த்தை சொல்லிரக் கூடாதாம். எடைமேடைப் புத்தி. இன்னும் இருக்கு. வீட்டுக்கு யாராவது வந்து அது என்ன குமிழ்னு கேட்டா, "அது எங்க மூத்த அண்ணாச்சி, விருந்துக்கு வந்திருக்காக"ங்காராம். என்ன கொழுப்பு பாருங்க. ஒரு வருஷமாவா ஒருத்தன் விருந்து சாப்பிடுவான்?

தம்பி, உங்களுக்கு அவசர வேலை இல்லைன்னா ஒரு அஞ்சு நிமிஷம் என்கூட வாங்களேன். வீடு பஸ் ஸ்டாண்டுப் பக்கம்தான். நான் வாசல்ல நிப்பேன், அவ்வளவுதான். அவரு வாங்கன்னு சொல்லுதாரா இல்லையான்னு பொதுவா ஒரு ஆள் பாக்கணும். சொல்லலைன்னா அப்படியே திரும்பி அடுத்த பஸ். சொல்லிட்டா... சொல்லிட்டா என்ன செய்யன்னுதான் நானும் கோவில்பட்டியில இருந்து யோசிக்கேன்.

இறங்குற இடம் வந்துட்டு. பையைக் கொஞ்சம் எடுங்க, மெதுவா, வீடு இருக்கு.

அன்னா பாருங்க. அந்தத் தூணுக்குப் பக்கத்துல, நீலச் சட்டை. அவருதான். இவரு இங்க எப்படி? ஆவுடை வேலை, வேற யாரு. பலகையை ரெண்டு கையிலயும் தாம்பாளம் மாதிரி ஏந்திக்கிட்டு நிக்காரு. காய் இருக்கு, மேலேயே இருக்கு, மினுங்குது பாருங்க. ஆடிக் காத்து இந்த அடி அடிக்கு, அசையாமப் பிடிச்சிருக்காரே. வாயில என்ன? வண்டிச் சாவியா? வண்டிச் சாவியைப் பல்லுல கவ்விக்கிட்டு நிக்கான் கூறுகெட்டவன். ரெண்டு கையிலயும் என் காய் இருந்தா பாவம் வேற எங்க வைப்பான்?

என்னையப் பாத்துட்டாரு. தலையை ஆட்டுதாரு தம்பி. பாத்தீகளா? இன்னொரு தடவை ஆட்டுதாரு.

வேண்டாம், நீங்க வர வேண்டாம், உங்க சோலியைப் பாருங்க. எதுக்குச் சாட்சி? கூப்பிட்டாச்சே. வாயில சாவி இருந்தா மனுஷன் தலையைத்தான் ஆட்டுவான். தலையை ஆட்டினா வாங்கன்னு சொன்னதுதான். நான் போட்ட சட்டம், எனக்குத் தெரியாதா?